டீயில் ஏலக்காய் போட்டேனா, இல்லையா?

என் கணவர் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டு மலைப்பாதையில் பைக் சறுக்கி விழுந்ததில் தலையில் பலத்த அடி. பிழைத்ததே பெரிது. பிறகு வாராவாரம் பஸ்ஸில் தேனிக்குப் போய்க் கைக்கும் காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி எடுத்தோம். நன்றாகத் தேறி வந்தார்.

டீ கொடுத்தால் மட்டும், "ஏலக்காயே போடலையா?" என்பார். நான் இன்னும் ரெண்டைத் தட்டிப் போடுவேன்.

ஒருநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்து, அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பினால் வாசலிலேயே குப்பென்று கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் கையில் லைட்டர்.

"அணைஞ்சு போச்சு, பத்த வைக்கிறேன்" என்றார் சாவகாசமாக.

நான் போட்ட கூச்சலில் லைட்டர் கீழே விழுந்தது. ஓடிப்போய் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்தேன்.

பயிற்சி தரும் பெண்ணிடம் இதையும், டீயில் வாசம் இல்லை என்று அவர் சொல்வதையும் சொன்னேன். "தலையில அடிபட்டா சிலருக்கு வாசனை தெரியாமப் போயிரும்க்கா. டீ விஷயத்த அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பதறினாள். தினமும் ஏலக்காயை நசுக்கி முகரக் கொடுங்கள், சிலருக்கு மெல்லத் திரும்பும் என்றாள்.

இப்போது ரெகுலேட்டரை மூடாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. பயிற்சிக்கு வருகிற குடும்பங்களிடம், "அவுகளுக்கு வாசம் தெரியுதான்னு கேட்டீகளா?" என்று நானே போய்க் கேட்கிறேன்.

போன வாரம் அவர் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "வருது ஈஸ்வரி, நல்லா வருது" என்றார். அன்று சோதித்துப் பார்க்க, வெறும் கையைத்தான் மூடி நீட்டியிருந்தேன்.