நீலம் பட்ட இடம்

என் மாமாவை ஊரில் எல்லோரும் 'பல்செட் பாய்' என்பார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் வேலை. ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் ஒரே அறை, ஜன்னல் மட்டும் பெரியது. மேசை மேல் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக இருக்கும். "இந்த ஊர்ல யார் வாய் எப்படின்னு எனக்குத் தெரியும். சொல்லத்தான் மாட்டேன்" என்பார். உண்மையாகவே சொல்ல மாட்டார். வந்தவர்கள் யாராவது அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால் பாலிஷ் மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்த இரைச்சலில் புறம் பேச முடியாது.

மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து பல்செட்டுகளைப் பளபளப்பாக்குவது சின்னம்மா. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. அவர் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை. எட்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை. தலாக் கொடுக்கவும் ஆள் இல்லை, அடக்கம் செய்யவும் ஆள் இல்லை.

நான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு பையோடு வந்து நின்றபோது, மாமா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்மா, சுத்தினது போதும்னு கால் சொல்லுச்சா, காசு சொல்லுச்சா?"

"ரெண்டும்தான் மாமா."

"அப்ப உட்காரு. சின்னம்மாவுக்கு இன்னொரு கை வேணும்."

சின்னம்மாவைப் பெண் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர். சின்னம்மாவுக்கும் சம்மதம். ஆனால் வேன்காரரின் அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: நிக்காஹ் நம் பள்ளிவாசலில்தான் நடக்க வேண்டும், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. பள்ளிவாசலிலோ இமாமாக இருந்த ஹஸ்ரத் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார், அதுவும் சபையில், மைக்கில். காணாமல் போனவர் இறந்தது உறுதியாகும்வரை, அல்லது அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் இறந்து முடிகிற காலம்வரை, அவள் அவருடைய மனைவிதான்.

"நானும் அவர் வயசுதான்" என்றார் சின்னம்மா, கையிலிருந்த மேல்தாடையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "அப்ப நான் மௌத்தான பிறகு எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காத்திருப்பாரான்னு கேட்டுச் சொல்லு."

"வேற ஊர்ல போய் முடிச்சுக்கலாமே" என்றேன்.

"வேற ஊர்ல நிக்காஹ் நடக்கும்" என்றார் மாமா. "அவ வாழப்போற வீடு இங்கேதானே இருக்கு."

ஹஸ்ரத் பெரிய படிப்பாளி. அதைவிடப் பெரிய வாய். தன்னோடு ஒத்துப்போகாத ஆலிம்களை, மற்ற மார்க்க அறிஞர்களை, மேடையிலேயே நையாண்டி செய்வார். பாதி ஊருக்கு அவர் சொல்வதுதான் வேதம். மீதிப் பாதிக்கு அவர் பெயரைச் சொன்னாலே எரியும். மாமா இரண்டிலும் இல்லை. "மனுஷனை மதிக்கிறேன். இந்த ஒரு விஷயத்துல தப்பு பண்ணிட்டார்னு நினைக்கிறேன். ரெண்டையும் ஒரே வாயால சொன்னா யாருக்கும் பிடிக்க மாட்டேங்குது."

ஹஸ்ரத்தின் கீழ்ப்பல்செட்டும் மாமா செய்ததுதான். அது ஈறில் உறுத்துகிறது என்று ஆள் அனுப்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூரைவரை கிதாபுகள் அடுக்கிய அறை. மேடையில் அத்தனை முழங்குகிற மனிதர், பல் இல்லாத வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். மாமா பல்செட்டை மாட்டி, நடுவில் ஒரு நீலத்தாளை வைத்து, "கடிங்க ஹஸ்ரத்" என்றார். எந்த இடம் அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் லேசாக ராவ வேண்டும்.

வாயில் தாள் இருந்த நேரத்தில் மாமா கேள்வியைக் கேட்டார். அவரிடம் யாரும் ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"நாலு வருஷம் காத்திருந்து, அப்புறம் விதவை மாதிரி இத்தாவும் இருந்தா மறுமணம் பண்ணலாம்னு முன்னோர்ல சிலர் சொல்லியிருக்காங்களாமே ஹஸ்ரத். அதை ஏன் நீங்க எடுத்துக்கலை?"

ஹஸ்ரத் வாயிலிருந்து தாளை எடுத்தார்.

"அப்படி ஒரு சொல் இருக்கு. பலமில்லாததுன்னு விட்டுட்டேன்." பிறகு, "உங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியாது பாய்."

"என் தங்கச்சியா இல்லாட்டி?"

ஹஸ்ரத் பல்செட்டைக் கழற்றி மாமாவிடம் நீட்டினார். கோபப்படவில்லை. மாமா ராவி முடித்ததும் ஹஸ்ரத் எழுந்து ஒரு கிதாபை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு மூணு பார்க்கணும். வர்ற வெள்ளிக்கிழமை தொழுகைக்கப்புறம் எல்லார் முன்னாடியும் கேளுங்க. சபையில சொன்னதைச் சபையிலதான் மாத்தணும்."

திரும்பி வரும்போது மாமா டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். வழக்கமாக ஒன்று வாங்கிப் பாதியாக்குகிற ஆள்.

அந்த வாரத்தின் நடுவில் போனில் ஒரு கிளிப் வந்தது. ஹஸ்ரத்தின் பழைய பயான் ஒன்றிலிருந்து, மேடைப் பிரசங்கம் ஒன்றிலிருந்து, ஒரு சின்னத் துண்டு. பெரிய இமாம்கள் எழுதி வைத்ததெல்லாம் குப்பை என்று அவர் குரல் சொல்கிறது. சாயங்காலத்துக்குள் அது இல்லாத போன் ஊரில் இல்லை.

சின்னம்மா அதை ஒரு முறை கேட்டுவிட்டு, "இது அவர் சொன்னதில்லே" என்றார். மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் காதில் மாட்டிக்கொண்டு அவருடைய பயான்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தவர் அவர். "இப்படிச் சிலர் சொல்றாங்கன்னு சொல்லி, அப்புறம் அதை மறுக்கிறார். முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டாங்க."

மறுநாள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளரும் இரும்புக்கடைக்காரரும் பட்டறைக்கு வந்தார்கள். செயலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஹஸ்ரத்தை ஊரைவிட்டு அனுப்பிடறதா இருக்கோம் பாய். நீங்களும் எழுந்து பேசணும். உங்க வீட்டுக்கே அநியாயம் பண்ணினவர்."

"அந்த வாய்க்குப் பல் கட்டிக் கொடுத்த பாவமும் கழியும்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"பேசத்தான் போறேன்" என்றார் மாமா. "அந்தத் தீர்ப்பு தப்புன்னு."

"அதெல்லாம் மசாயில், சட்ட நுணுக்கம். ரெண்டு பக்கமும் கிதாபு கிடக்கும், ஜனத்துக்குப் புரியாது." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி தீர்ப்பு கேட்கப் போனப்போ தனியா உட்கார வச்சுப் பேசினார், பார்வை சரியில்லேன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

மாமா எழுந்து மோட்டாரைப் போட்டார். சின்னம்மா எட்டி அதை அணைத்தார்.

"அவர் என் முகத்தையே பார்க்கலை" என்றார். "கேட்டு முடிக்கிறவரைக்கும் கிதாபைத்தான் பார்த்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாரோ என்னவோ. அதுதான் அவர் மேல எனக்கிருக்கிற குறை. வேற இல்லை."

"நீலம் பட்ட இடத்தை ராவினா பல்லு சரியாகும்" என்றார் மாமா. "கோபத்துல எல்லாத்தையும் ராவினா கையில ஒண்ணும் நிக்காது."

"எங்களுக்குப் பல் வைத்தியம் வேண்டாம், சாட்சி வேணும்" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று இரவே ஹஸ்ரத்தின் ஆட்களில் ஒருவர் மாமாவைத் தெருவில் மறித்தார். மாமா சபையில் ஹஸ்ரத்திடம் கேள்வி கேட்கப் போவதாகச் செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. "எல்லாரும் சேர்ந்து அவரை அடிக்கிற நேரம் பார்த்து நீங்களும் கல்லைத் தூக்குறீங்களா? பல்லு கட்டுறவன் ஆலிமுக்குப் பாடம் எடுக்கிற காலமாப் போச்சு." மாமா சலாம் சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை நானும் சின்னம்மாவும் மாடியில், பெண்கள் பகுதியில் இருந்தோம். அங்கே திரைதான் தெரியும். கீழே நடப்பது ஒலிபெருக்கி வழியாக வந்தால் உண்டு. தொழுகை முடிந்ததும் செயலாளரின் குரல் வந்தது. கிளிப்பை மைக்கில் வைத்துப் போட்டார்கள். கூச்சல். ஹஸ்ரத் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அது பாதியில் நின்றது. பிறகு ஒரு மெல்லிய குரல், மைக் இல்லாமல். சின்னம்மா திரைக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தார்.

"அண்ணன் பேசுறார்" என்றார்.

என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "உட்காருய்யா" என்று ஒருவர், "நீ அவன் ஆளா" என்று இன்னொருவர், "துரோகி" என்று மூன்றாவது குரல். மூன்றாவது யாரைச் சொன்னது, எந்தப் பக்கம் என்று கூடத் தெரியவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மாமாவின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. "கேள்வியைக் கேட்டேன்" என்றார். "காதுல வாங்க ஆள் இல்லை. அவர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்."

ஹஸ்ரத் மறுநாளே கிதாபுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து மாமா அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம். பழைய முழக்கம் இல்லை.

"பார்த்துட்டேன் பாய். நாலு வருஷம்கிறதுதான் எனக்கும் இப்ப சரியாப் படுது. நான் சொன்னது தப்பு. ஆனா இனி நான் வாயைத் திறந்தா அது உங்க தங்கச்சிக்கு எதிராத்தான் முடியும். என் பேச்சு அங்கே செல்லாது." பிறகு, "அவங்களை எனக்காகப் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

சின்னம்மா தலையசைத்தார். போனில் அது தெரியாதே என்று நான்தான், "பொறுத்துக்கிட்டாங்க" என்றேன்.

புதிதாக வந்த ஹஸ்ரத் இளைஞர், மென்மையாகப் பேசுகிறவர். யாரையும் நையாண்டி செய்ய மாட்டார். ஊருக்கு ஒரே திருப்தி. மாமாவையும் சின்னம்மாவையும் உட்கார வைத்து, மரியாதையாக முழுவதையும் கேட்டார்.

"முந்தின ஹஸ்ரத் சொன்னதே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அவரை எத்தனையோ குத்தம் சொல்லித்தானே இந்த ஜமாஅத் அனுப்பிச்சது. இந்தத் தீர்ப்பை மட்டும் யாரும் குத்தம் சொல்லலையே. எதிரிங்ககூட ஒத்துக்கிட்ட விஷயத்தை வந்த புதுசுல நான் எப்படி மாத்துறது?"

"அவரே மாத்திக்கிட்டார். என்கிட்ட சொன்னார்" என்றார் மாமா.

"வழிகெட்டவர்னு நீங்க எல்லாருமாச் சேர்ந்து அனுப்பினவர் பேச்சையா பாய் ஆதாரமாக் கொண்டு வர்றீங்க?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

வேன்காரர் ஒரு நாள் வந்து, பட்டறை வாசலிலேயே நின்று, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு வேறொரு பெண்ணோடு நிக்காஹ். அதே பள்ளிவாசலில்தான். மாமா போய்விட்டு வந்தார். சின்னம்மா அன்றைக்கு மூன்று பல்செட் முடித்தார்.

நான் மறுபடியும் கிளம்பத் தேதி பார்த்துவிட்டேன். சின்னம்மாவிடம் அதைச் சொல்வதற்காகத்தான் நேற்றுப் பட்டறைக்குப் போனேன். இரும்புக்கடைக்காரர் தன் மனைவியின் பல்செட்டை வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். பழைய ஹஸ்ரத்தைப் பற்றிப் புதுக்கதை ஒன்று வைத்திருந்தார், போன ஊரிலும் ஏதோ தகராறாம். விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில்தான் மோட்டார் சுவிட்ச் இருந்தது. புறம் பேசினால் போட்டுவிடுகிறவர், நேற்றுப் போடவில்லை. சின்னம்மாவும் போடவில்லை. உப்புத்தாளால் ஒரு கீழ்த்தாடையைக் கையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சத்தமே வராது.