வெளியே பூட்டு, உள்ளே நான்

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், கச்சிராயபாளையத்தில் தனியாக இருக்கிறேன். ஊர்க்கதை பேச யாராவது வந்தாலே எரிச்சல் வரும். என் ஆறு கோழிகளோடு இருந்தால் நேரம் போவதே தெரியாது. அதனால் காலையிலேயே வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, சந்து வழியாகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வருகிறவர்கள் நான் ஊரில் இல்லை என்று திரும்பிவிடுவார்கள்.

போன மாதம் கோழிகளைத் திறந்துவிட்டபோது பாசியில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. போன் வீட்டுக்குள். வாசலில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி கூப்பிட்டாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், அவள் காயவைத்திருந்த வேர்க்கடலையைக் கிளறிய என் கோழிகளைத் திட்டிக்கொண்டே தோட்டத்துக்குள் விரட்டி வந்தாள்.

“இன்னாக்கா, வூட்டப் பூட்டிட்டு இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?”

கால் எலும்பில் விரிசலோடு போயிற்று. நல்லவேளை, பிழைத்தேன்.

இப்போது பூட்டுவதில்லை. பேசப் பிடிக்காத நாளில், “இன்னிக்கு வேணாம் கஸ்தூரி” என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு பிடி கம்பை அள்ளிக்கொண்டு, என் கோழிகளிடம் ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிடுகிறாள்.