பாசி போடாத தட்டு

அப்பா இறந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அம்மா லாபிஸிலிருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அண்ணனிடம் போயிருந்தார். நான் மெர்சிங் என்ற கடற்கரை ஊரில், கடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தேன். விடுமுறையில் எல்லோரும் கிளம்ப, நானே கேட்டு ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டேன். அப்பா இல்லாத பண்டிகையை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து கழிக்க எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் வளர்த்தது ஓர் ஒற்றைச் செல் உயிர். பாசியைத் தின்னும், ஆனால் அதற்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் உடலுக்குள் வைத்துக்கொள்ளும். பாசி செத்த பிறகும் அவை உள்ளே வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரை செய்துகொண்டிருக்கும். அதை நம்பி எத்தனை நாள் பட்டினி கிடக்க முடியும் என்று பார்க்க, ஒரு தட்டை விளக்கடியிலும் இன்னொன்றை இருட்டுப் பெட்டியிலும் வைத்து, இரண்டுக்கும் பாசி போடுவதை நிறுத்தியிருந்தோம்.

தீபாவளியன்று காலையிலிருந்தே மழை. தீவுகளுக்குப் போகும் படகுகள் ஓடவில்லை. முந்தின நாள் கடையில் தேநீர் கேட்டதற்குப் பிறகு நான் வாய் திறந்திருக்கவில்லை.

இருட்டிலிருந்த தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. விளக்கடித் தட்டில் பச்சை உருண்டைகள் சுழன்று ஓடிக்கொண்டிருந்தன. சத்தமாகச் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் காலி நாற்காலிகள். உடனே அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கைபேசியை நுண்ணோக்கியின் கண்ணில் பொருத்தினேன்.

"என்னடி இது, பச்சையா ஓடுது?"

"கடல்ல இருக்கிற உயிரும்மா. சாப்பாடே போடல, உயிரோட இருக்கு."

"அப்புறம் எப்படி?"

"தின்ன பாசியோட பச்சை உள்ள இருக்கு. வெளிச்சத்துல அது சமைச்சுப் போடுது."

அம்மா, "உங்கப்பா இருந்தா நூறு கேள்வி கேட்டிருப்பாரு," என்றார். இருவருமே அழுதோம். திரையில் அவை ஓடிக்கொண்டே இருந்தன.

"பஸ் ஏறி வந்துடு லா," என்றார் அம்மா.

"இன்னும் நாலஞ்சு நாள் இதப் பாக்கணும்மா."

அந்த நாட்களில் பச்சை மெல்ல வெளிறியது. பாசியிடமிருந்து திருடி வைத்த பச்சையைப் பழுதுபார்க்க அவற்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நின்றுபோயின. பாசிக் குப்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு சொட்டு விட்டால் மீதி பிழைக்கும், ஆனால் சோதனை கெட்டுவிடும். நான் விடவில்லை.