என் பெயர் வைக்கவிருந்த ஈ

போன வாரம் மருமகள் ஒரு கிலோ கொய்யா வாங்கி வந்தாள். ஒவ்வொரு பழத்துக்கும் வெள்ளை வலையில் சட்டை போட்டு, சட்டை மேல் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்கள். இவ்வளவு மரியாதையோடு வந்த பழத்தை நறுக்கினால், உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் புழு எட்டிப் பார்த்தது. பிறகு தலையையும் வாலையும் சேர்த்து வளைந்து, ஒரே துள்ளலில் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் வந்து விழுந்தது. மருமகள் மொத்தப் பழத்தையும் குப்பைக்கு அனுப்பிவிட்டாள். எனக்கோ பழைய சிநேகிதியைப் பார்த்தது போலிருந்தது. இந்தத் துள்ளலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

நாங்கள் இப்போது இருப்பது பொம்மனஹள்ளியில், ஏழாவது மாடியில். நான் வேலைக்குப் போன காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கொய்யாத் தோட்டம். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். பூச்சி ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் படம் வரைபவளாகச் சேர்ந்தேன். பள்ளியில் ரோஜாப்பூ வரைந்து பரிசு வாங்கியவள் என்பதுதான் தகுதி. முதல் நாளே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்து, "இந்த ரெக்கையை வரைங்க மிஸ்" என்றார்கள். பார்த்தால் ஈயின் இறக்கை. அதன் பிறகு ஆறு வருஷம் ரோஜாப்பூவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் நினைக்கிற சோற்று ஈ இல்லை, இது பழ ஈ. கிட்டப் பார்த்தால் அழகி. கறுத்த முதுகில் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, முகத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு, இறக்கையின் ஓரத்தில் மை தீட்டியது போல ஒரு கரை. பொட்டு சேர்ந்து பட்டையாகிவிட்டால் அது வேறு இனம். முதுகுக் கோடு இரண்டுக்குப் பதில் மூன்றானால் இன்னொரு இனம். இந்த வேறுபாடுகளுக்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று என் அம்மாவை நம்ப வைப்பதற்கே ஒரு மாதம் பிடித்தது.

அப்படிச் சம்பளம் வாங்கியவர்தான் எங்கள் அதிகாரி டாக்டர் நஞ்சுண்டையா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மைசூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவருடைய அறைச் சுவரில் பழுப்புக் காகிதத்தில் ஒரு பெரிய மரம் வரைந்து ஒட்டியிருக்கும். பூசணி, பீர்க்கங்காயில் முட்டையிடும் ஈக்களெல்லாம் ஒரு கிளை, மாம்பழம், கொய்யாவில் இடுகிறவை இன்னொரு கிளை. இரண்டு கிளையும் சேருகிற அடிமரத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

"கல்யாணத்துக்கு முன்னால விசாரிக்கிறோமே மிஸ், யாரு யாருக்கு பங்காளி, யாரு எந்த வீட்டுலேர்ந்து பிரிஞ்சு போனாங்கன்னு. அஷ்டே. அவ்வளவுதான் இது" என்பார்.

"அப்ப இந்தக் கேள்விக்குறி, சார்?"

"அதுதான் கொள்ளுத்தாத்தா. இன்னும் சிக்கல."

கொள்ளுத்தாத்தாவைத் தேடித்தான் நாங்கள் தோட்டம் தோட்டமாக அலைந்தோம். கிராம்பு வாசனை அடிக்கும் ஓர் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மரத்தில் கட்டினால் ஆண் ஈக்கள் மட்டும் கூட்டமாக வரும். ஒரு நாள் அந்த எண்ணெய் என் புடவையில் கொட்டிவிட்டது. தோட்டத்தில் பாதி ஈ என்னைச் சுற்றி வந்தது. என்னை மதித்து அத்தனை ஆண்கள் பின்னால் வந்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். திரும்பும்போது பஸ் கண்டக்டர், "என்னா சிஸ்டர், பல் வலியா?" என்று இரக்கமாகக் கேட்டார்.

புழு விழுந்த பழங்களைக் கொண்டு வந்து மணல் போட்ட ஜாடியில் வைப்போம். புழுக்கள் துள்ளி மணலில் இறங்கிக் கோதுமை மணி போலக் கூடு கட்டும். பத்து நாளில் ஈ வெளியே வரும். வருகிறபோது அதற்கு நிறமே இருக்காது, வெளிறிப்போய் மெத்தென்றிருக்கும். நான்கு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால்தான் கறுப்பும் மஞ்சளும் ஏறும். அதற்குப் பிறகுதான் கொல்ல வேண்டும், ஊசியில் குத்த வேண்டும். இதற்கென்று ஒரு ரிஜிஸ்தர். அதில் 'தீனி கொடுத்த நாள்' என்ற பத்தியில், பக்கத்தின் தலையில் 'நான்கு' என்று எழுதிவிட்டு, கீழே கடைசி வரி வரைக்கும் டிட்டோ போட்டு வைத்துவிடுவது என் வழக்கம். எப்படியும் நான்கு நாள்தானே என்று முன்கூட்டியே போட்ட டிட்டோ. சோம்பேறித்தனத்தைச் சுறுசுறுப்பு என்று நினைக்கும் வயசு அது.

ஒரு சனிக்கிழமை, பொம்மனஹள்ளித் தோட்டத்துப் பழத்திலிருந்து முப்பது ஈ ஒரே நேரத்தில் வெளியே வந்தன. மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். திங்கள், செவ்வாய் லீவு சொல்லியாகிவிட்டது. பட்டினி கிடந்து சாவதைவிடச் சட்டென்று போகட்டும் என்று முப்பதையும் அன்றே கொல்லும் பாட்டிலில் போட்டுவிட்டு, எங்கள் வீடு இருந்த மர்பி டவுனுக்கு பஸ் ஏறிவிட்டேன். டிட்டோவைத் திருத்த மறந்துபோனேன். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, வேலையை விடச் சொன்னார்கள். சம்பந்தம் அதோடு போயிற்று, ஈ போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து நஞ்சுண்டையா என் மேசைக்கு ஓடி வந்தார். ஓடுகிற ஆளே இல்லை அவர்.

"மிஸ், பொம்மனஹள்ளி ஈயைப் பார்த்தீங்களா? உடம்பு பூரா வெளிர் மஞ்சள். கறுப்பே இல்ல. கோடு, பொட்டெல்லாம் வர்றதுக்கு முந்தினது, இதுதான் மிஸ் அடிமரம். நாலு நாள் தீனி போட்டதுதானே?"

ரிஜிஸ்தரைப் பார்த்தேன். டிட்டோ இருந்தது. "ஆமா சார்" என்றேன். சத்தியமாக எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகத்தில் வரவில்லை. காய்ந்த ஈக்கள் கொஞ்சம் சுருங்கியிருந்ததை அவரும் பார்த்தார்தான். வெயில் என்று சொல்லிவிட்டார். ஆசைப்பட்டுவிட்டால் படித்தவர் கண்ணும் சொன்னபடிதான் பார்க்கும்.

அன்று சாயங்காலமே கேள்விக்குறியை அழித்து அந்த இடத்தில் என் பெயரை எழுதினார். கண்டுபிடித்தவர் யார் பெயரையும் வைக்கலாமாம், ஜாடியைக் கவனித்துக்கொண்டது நான்தானாம். என் பெயரின் வாலை லத்தீனுக்குத் தகுந்தபடி கொஞ்சம் நீட்டியிருந்தார். ஈயோடு ஊசியில் குத்தும் முப்பது சீட்டிலும் அதை நானே இந்தியன் மையில் எழுதினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "ஈக்கா? இனிமே வர்ற மாப்ள வீட்ல யாருக்கும் சொல்லிடாத" என்றாள். அப்பா ஒரு தொழிற்சாலையில் பிட்டர். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பேரு எத்தினி நாளும்மா நிக்கும்?"

"புஸ்தகத்துல ஏறிட்டா அப்படியே நிக்கும்பா. அழிக்க மாட்டாங்க."

நான் பிறந்தபோது ஊரே வேறு பெயர் சொல்ல, பிடிவாதமாக அப்பா தேர்ந்தெடுத்த பெயர் அது. ஒரு ஈயைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஒன்றைச் சீட்டோடு தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பாதர் முதல் வாத்தியக்காரர் வரைக்கும் அந்தத் தீப்பெட்டி கை மாறியது. "பாத்து, மூச்சு விடாம பாருங்க" என்று அப்பா பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த வாரம் கட்டுரைக்காக அந்த ஈயின் முகத்தை வரைய உட்கார்ந்தேன். ஏழாவது ஈயில் நெற்றிக்கு நடுவே ஒரு சின்ன பலூன் பிதுங்கிக்கொண்டிருந்தது. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வர ஈ ஊதுகிற பலூன் அது. வந்த சில மணி நேரத்தில் உள்ளே போய்விடும். நான்கு நாள் சர்க்கரைத் தண்ணீர் குடித்த எந்த ஈக்கும் அது இருக்காது. அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையும் கேசரியும் ஒன்றாக ஞாபகம் வந்தன. கொள்ளுத்தாத்தாவாவது ஒன்றாவது, தோட்டத்தில் கோடிக்கணக்கில் இருக்கும் சாதாரண கொய்யா ஈதான், சாயம் ஏறுமுன் நான் கொன்றது.

மூன்று நாள் சொல்லவில்லை. அந்த ஒரு ஈயைப் பெட்டியின் மூலைக்கு நகர்த்தி வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. கட்டுரை வெளிநாட்டுக்குத் தபாலில் போக வேண்டிய நாளன்று, உறையில் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, டிட்டோவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்துத் தபால் தலையை மட்டும் ஜாக்கிரதையாக ஈரப்படுத்தி எடுத்தார். சுவரில் என் பெயரை ரப்பரால் அழித்து, கேள்விக்குறியைத் திரும்பப் போட்டார். மூன்றாம் நாள் புதிய ரிஜிஸ்தர் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார்.

"டிட்டோ பேடா மிஸ், இனிமே வேண்டாம். முப்பது தடவை எழுதினாலும் கை தேயாது."

நான் பெட்டியை நீட்டினேன். சீட்டுகளை எடுத்துக் கிழிக்க வேண்டும். எண்ணினார். "இருபத்தொம்போதுதானே இருக்கு?"

"ஒண்ணு எங்கப்பா கிட்ட இருக்கு சார். கோயில்ல எல்லாருக்கும் காட்டிட்டாரு."

ஒரு இறக்கைக் கோட்டுக்காகப் பத்து கடிதம் எழுதுகிற மனிதர், தப்பான சீட்டு ஒன்று உலகத்தில் எங்கே இருந்தாலும் தூங்க மாட்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அது அங்கேயே இர்லி மிஸ்" என்றார். "உங்க அப்பாவை யாரும் போய்ச் சரிபாக்க மாட்டாங்க."

அப்பாவிடம் நான் சொல்லவேயில்லை. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக் கூட அவர் தீப்பெட்டியைக் காட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் மனசில்லை.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் அது இருந்தது. திறந்து பார்த்தேன். ஈயைப் பூச்சி அரித்துவிட்டது. அடியில் கொஞ்சம் பொடி, நடுவில் ஊசி, ஊசியில் சீட்டு. இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது.

கொய்யாத் தோட்டம் போய் ஏழு மாடி வந்துவிட்டது. பழுப்புக் காகித மரம் எந்தக் குப்பையில் போனதோ, நஞ்சுண்டையாவும் போய்விட்டார். நான் இங்கே லிப்டில் ஆன்ட்டி, வங்கியில் மேடம், வீட்டில் அத்தை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, வயதில் மூத்தவர் ஒருவர்கூட இப்போது இல்லை. அன்று குப்பைக்குப் போன பழத்தைப் பற்றி யோசித்தபடி தீப்பெட்டியைத் திறந்து, அந்தச் சீட்டில் இருந்த பெயரை, லத்தீன் வாலை விட்டுவிட்டு, அப்பா கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து மருமகள், "யாரைக் கூப்புடுறீங்க அத்தை?" என்று கேட்டாள்.