ராய்லியின் அடிக்குறிப்பு

மூன்றாவது கோப்பைக் காப்பி முடிந்த பிறகுதான் ராய்லி குக்கோனென் அம்மையார் சுவீடனைத் தொடுவார். அதுவரை பின்லாந்து. பின்லாந்துக்கு நீலப் பென்சில், சுவீடனுக்கு மஞ்சள். ஹெல்சிங்கியில் எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் நான்காம் மாடியில், என் எதிர் மேசையில், முப்பது ஆண்டுகளாக இந்த வழிபாடு நடக்கிறது.

அம்மையாரின் தொழில் காலாண்டுக்கு ஒரே ஒரு பக்கம். ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய கடன் பத்திரங்களில் வெளிநாட்டார் கையில் இருப்பது எவ்வளவு என்ற ஒப்பீடு: இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் சுவீடன். அதைப் படிப்பவர்கள் நாடு முழுவதும் பதினோரு பேர். அவர்களும் சுவீடனைவிட நாம் மேலா கீழா என்று மட்டுமே பார்ப்பார்கள். எங்கள் எண் பெரிதென்றால், "உலகமே நம்மள நம்புது!" சிறிதென்றால், "நாம யாருக்கும் கடன்படல!" எப்படியும் வெற்றி நமக்கே.

மின்தூக்கியில் யாராவது இருந்தால் அம்மையார் படியேறி வருவார். பேச்சுக்கு அவ்வளவு பயம். ஆனால் ஸ்டாக்ஹோமில் இதே வேலை பார்த்த யோஸ்தாவோடு மட்டும் தொலைபேசியில் வாயாடுவார். அச்சுக்குப் போகுமுன் இருவரும் எண்களை வாசித்துச் சரிபார்ப்பார்கள். பிழையிருந்தால் காதோடு சொல்லித் திருத்திக்கொள்வார்கள். இருபத்தாறு ஆண்டுகள். நேரில் பார்த்ததே இல்லை.

"என்ன ராய்லி, உன் சுவீடிஷ் இன்னும் பள்ளிக்கூடத்த விட்டே வெளிய வரலையா?"

"நீ பின்னிஷ்ல ஒரு வார்த்தை உருப்படியா சொல்லு, அப்புறம் பேசு!"

மூன்று ஆண்டுகளுக்கு முன், பனி ஹாக்கியில் சுவீடன் எங்களை வீழ்த்திய மறுநாள் காலை யோஸ்தா அழைத்தார். "உங்க கோல்கீப்பர் முழிச்சிட்டாரா? மேட்ச் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடு!" அம்மையார் சிரிக்கவில்லை. யோஸ்தா வாசித்த எண்ணில் ஒரு வங்கியின் பத்திரங்கள் இரண்டு முறை சேர்ந்திருந்தன. கண்டுகொண்டார். "எல்லாம் சரி" என்று தொலைபேசியை வைத்தார். பிறகு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அந்தப் பிழையை உலகுக்கு அறிவித்தார்.

பதினோரு பேரும் கொண்டாடினார்கள். எங்கள் இயக்குநர் கேக் வாங்கினார். அங்கே யோஸ்தாவை மீன்பிடிப் புள்ளிவிவரத்துக்கு மாற்றினார்கள். இப்போது யாரோ மின்னஞ்சலில் எண்களை அனுப்புகிறார்கள்.

"ஒரு தப்புகூட இல்ல" என்று காலாண்டு தோறும் புகார்போலச் சொல்வார் அம்மையார். ஒரு நாள், "'நீ ரெண்டு தடவ எண்ணிட்ட'ன்னு அன்னிக்கே யோஸ்தாகிட்ட சொல்லியிருக்கலாம். நாலு நொடி வேலை" என்றார்.

"இப்ப கூப்பிட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"என்னன்னு? மன்னிச்சுக்கோன்னா? மனசத் திறந்து கொட்ட நாம என்ன இத்தாலிக்காரங்களா?"

போன செவ்வாய்க்கிழமை அம்மையார் தாமாகவே யோஸ்தாவின் எண்ணைச் சுழற்றினார். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலாண்டின் தாள் மேசைமேல் விரிந்திருந்தது. அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் யோஸ்தா ஆயுளுக்கும் மறக்கமாட்டார். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"ராய்லி பேசறேன். அன்னிக்கு உன் கணக்க நீ வாசிச்ச, என் கணக்க நான் வாசிக்கல. இப்ப வாசிக்கிறேன். தப்பிருந்தா சொல்லு."

அம்மையார் முதல் வரியை வாசித்தார். இரண்டாவதையும் வாசித்தார். மூன்றாவது வரியில் அறுபத்து மூன்று என்று இருப்பது என் மேசையிலிருந்தே தெரிந்தது.

"முப்பத்தாறு" என்று நிறுத்தி, தெளிவாகச் சொன்னார் ராய்லி அம்மையார். பிறகு தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்களை மூடிக் காத்திருந்தார்.