வைத்தியின் கறுத்த வானம்

லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர்களில் வைத்தியைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடவும் மாட்டார். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போட்டுக்கொண்டிருக்க, அவர் தினம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போடுவார். கன்னாட் ப்ளேஸ் தூண்கள், மெட்ரோ பாலத்தின் அடிப்பக்கம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே தெரியும் கால்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. ‘காத்திருப்பு’, ‘நிழலின் முதுகு’ என்று. கட்டைவிரல் காட்டாதவர்களை மறுநாள் பார்க்கில் பிடித்து, “பார்த்தேளா இல்லையா?” என்று கேட்டுவிடுவார்.

மத்திய அமைச்சகம் ஒன்றில் பிறர் எழுதிய குறிப்புகளில் காற்புள்ளி திருத்தியே ஓய்வு பெற்றவர் அவர். மனைவி விஜயலக்ஷ்மிக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்ததால் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் அர்விந்த் வாங்கித் தந்த ஃபோன்தான் மனுஷரைக் கெடுத்தது என்பது அந்த அம்மாளின் கட்சி. வெண்டைக்காய் வாங்கப் போனவர் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் மண்டியிட்டிருப்பார். வெண்டைக்காய் வராது. எனக்கு அவர்மேல் எரிச்சலும் உண்டு, பிரியமும் உண்டு. படங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தன, அதனால் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம்.

அவருடைய கீழ்வீட்டுக்காரர் ராஜகோபால். போன செப்டம்பரில் நெஞ்சுவலி என்று கோல் மார்க்கெட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகோபாலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கையில் ஆப்பிள் பையோடு வைத்தி கிளம்பினார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் பழைய அரசாங்கக் கட்டடங்கள், வெள்ளைத் தூண்களும் வளைவுகளுமாக. அன்றைக்குப் பார்த்து மழை ஓய்ந்து வானம் அப்படி ஒரு நீலம். டில்லியில் அந்த மாதிரி நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வைத்தி ஆப்பிள் பையைக் கீழே வைத்தார்.

அப்போது ஃப்ளாஸ்கும் கையுமாக வந்தாள் ராஜகோபாலின் மனைவி பட்டு.

“எப்படி இருக்கார் உன் ஆத்துக்காரர்?”

“நாளைக்கு சாதாரண வார்டுக்கு மாத்தறாளாம், மாமா. சூடா பால் வாங்கலாம்னு வந்தேன்.”

“அச்சா, அச்சா. நல்ல சேதி. பட்டு, அந்த வளைவுக்குக் கீழே ஒரு நிமிஷம் நில்லேன்.”

“நான் எதுக்கு மாமா? தலைகூட சரியா வாரலை.”

“மூஞ்சி சின்னதாதான் தெரியும். கட்டடம் எத்தனை உசரம்னு காட்ட ஒரு ஆள் வேணும். ஜல்தி, வெளிச்சம் மாறிடும்.”

பட்டு போய் நின்றாள். அரக்குச் சிவப்பில் பருத்திப் புடவை, நெற்றியில் குங்குமம். வைத்தி தன் ஃபோனில் சிவப்பு ஃபில்டரைப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களுக்குத் தெரிந்த வித்தை அது. நீல வானம் இருண்டு கறுத்துப்போகும், வெள்ளைக் கட்டடம் பளிச்சென்று எழுந்து நிற்கும். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் வெளுத்துவிடும். திரையில் வானம் கறுத்தது. கூடவே பட்டுவின் புடவை வெள்ளையானது, குங்குமம் தோலோடு தோலாகக் காணாமல் போனது. வைத்தி அதைப் பார்த்தார். ஒரு கணம் விரல் தயங்கியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். வானம் அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் அமுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகும் தூண், படிக்கட்டு என்று சுற்றிக்கொண்டிருந்ததில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. ஆப்பிள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

அன்று மாலை குழுவில் படம் வந்தது. கறுத்த வானத்தின் கீழ், ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு வெள்ளை வளைவு. அதனடியில் வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு ஒரு பெண். தலைப்பு: ‘தனிமை’. கட்டைவிரல்கள் குவிந்தன, நானும் ஒன்று காட்டினேன். எங்கள் ப்ளாக்குக்குப் புதிதாக வந்த சிவஞானம், “யார் அந்த அம்மா? பார்க்கவே பாவமா இருக்கு” என்று எழுதினார். பட்டுவும் ராஜகோபாலும் அதே குழுவில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

விஜயலக்ஷ்மிதான் சொன்னாள். “அதை எடுத்துடுங்கோ. அவர் ஆஸ்பத்திரியில கிடக்கறச்சே இப்படி ஒரு படமா?”

“இது கலை விஜி. கலைக்கும் குங்குமத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“பட்டுவுக்குச் சம்பந்தம் இருக்கு” என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை ராஜகோபாலுக்கு மறுபடி வலி வந்தது. வியாழன் விடிவதற்குள் போய்விட்டார்.

வைத்தி சகுனம் பார்க்கிறவர் இல்லை. ராகு காலத்தில் கிளம்பியே பழக்கப்பட்டவர். ஒரு படம் யாரையும் கொல்லாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அன்று காலை படத்தை அழிக்கப் பார்த்தார். எல்லோருடைய ஃபோனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் தரும் கெடு தாண்டிவிட்டிருந்தது. தன் ஃபோனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது. மயானத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அந்த நாட்களில் மாடியிலிருந்து இறங்கும்போது கீழ்வீட்டு வாசலில் சத்தமில்லாமல் நடந்தார். குழுவில் கட்டடங்கள் வருவது நின்றது. மனசாட்சி குத்துகிறது என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்த மனுஷருக்குச் சோறே இறங்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பட்டுவே ஃபோன் செய்து கூப்பிட்டாள். வசவு வாங்கத் தயாராகத்தான் போனார். வாங்கினால் தேவலை என்றுகூட நினைத்தார்.

பட்டு கோபமாக இல்லை. “உட்காருங்கோ மாமா. ஒரு சின்ன உதவி. அன்னிக்கு எடுத்தேளே, அது கலர்ல இருக்குமா?”

வைத்தியிடம் இருந்த கேமரா ஆப் கறுப்பு வெள்ளையில் மட்டும்தான் படத்தைச் சேமிக்கும்.

“இல்லையேம்மா. எதுக்கு?”

“அவர் அதைப் பார்த்தார். திங்கக்கிழமை வார்டுக்கு வந்ததும் ஃபோனைக் கேட்டு வாங்கிண்டார். மூஞ்சியைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தார். ‘ஏன் நெத்திக்கு இட்டுக்கலை? நான் இன்னும் இருக்கேனே’ன்னார். இட்டுண்டேன்னு சொன்னேன். படத்தைக் காட்டி, ‘எங்கே?’ன்னார். அப்புறம் அதைப் பத்திப் பேசலை. செவ்வாக்கிழமை பூரா சுவத்தைப் பார்த்துண்டே படுத்திருந்தார்.”

பட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “எனக்கே இப்போ சந்தேகம் வந்துடுத்து மாமா. அன்னிக்கு அவசரமா குளிச்சுட்டு ஓடினேன். இட்டுண்டேனா, மறந்துட்டேனா? ராத்திரியெல்லாம் அதையேதான் யோசிக்கறேன். மறந்திருந்தா, அவர் மனசை நான்தானே நோக அடிச்சேன்.”

கேமராவில் ஏதோ கோளாறு, நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பதில் வைத்தியின் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் கவனிக்காதவன் சொல்லும் சாட்சி இவளுக்கு எதற்கு உதவும்?

“இட்டுண்டிருந்தே, பட்டு. வட்டமா, பெரிசா. நான் பார்த்தேன். ஆனா ஒரு ஃபில்டர் போட்டேன். அதுல சிவப்பு வெளுத்துப்போகும். உன் குங்குமம் மறைஞ்சதை எடுக்கறச்சேயே பார்த்தேன். வானம் நன்னா வந்திருக்குன்னு அப்படியே அனுப்பினேன்.”

பட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ இட்டுண்டிருந்தேன்” என்றாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வைத்தி எழுந்துகொள்ளவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நாற்காலி விளிம்பில் இருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், குரலை உயர்த்தாமல் அவள் கேட்டாள்.

“நீங்க படம் எடுத்தப்போ ஆஸ்பத்திரி எதிர்த்தாப்பலதானே மாமா இருந்தது? வந்து அவர்கிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”