ஓடாத மீட்டர்கள் இருந்த தெரு

மின்சார அலுவலகத்தில் நான் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுவது என் வேலை. மொரப்பூருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. கூட இருந்த அம்மாவும் முந்தைய வருடம் போய்ச் சேர்ந்திருந்தாள். சேலத்திலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே வாடகைக்கு வீடு தேடினால் போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

"கூட யாருங்க இருப்பாங்க?"

யாருமில்லை, தனிப் பொம்பளை என்றதும், "கேட்டுச் சொல்றேங்க" என்பார்கள். அப்புறம் சொல்லவே மாட்டார்கள்.

நான் கணக்கெடுக்கும் ஊர்களில் ஒன்றில் எட்டே வீடுகள் கொண்ட ஒரு தெரு இருந்தது. ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள். மீட்டர் ஓடியிருக்காது, போன தடவை எழுதிய எண்ணையே மறுபடி எழுதிவிட்டு நகர்வேன். எட்டாவது வீட்டில், அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா ஆடுகளோடு தனியாக இருந்தார். ஏழு வீட்டுச் சாவிகளும் அவரிடம்தான்.

ஒரு நாள் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது ஆற்றாமையில் சொல்லிவிட்டேன். "இத்தன வூடு சும்மா கெடக்குது. எனக்கு ஒண்ணு அமைய மாட்டேங்குதுக்கா."

அக்கா எதிர்வீட்டைக் காட்டினார். "அந்த வூட்டுக்காரரு பெங்களூர்ல மகன்கூட இருக்கறாரு. நல்ல மனுசன். கேட்டுத்தான் பாரேன்."

அவர் கொடுத்த எண்ணுக்கு அங்கேயே நின்று பேசினேன்.

"குடுக்கறதில்லைங்க" என்றார் அந்தப் பெரியவர். "நாங்க ஊருக்கு வந்தா எங்க தங்கறது?"

"கடைசியா எப்ப வந்தீங்க?"

"ஆறு வருசம் இருக்கும்."

"பின்பக்கம் ஓடு சரிஞ்சிருக்குதுங்க. இந்த மழைக்குச் சுவரும் ஊறிடும்" என்றேன். வைத்துவிட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஓடு சரிஞ்சதுன்னு சொன்னீங்களே, அது சமையக்கட்டு பக்கமா?"

ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தனியாக வந்தார். அக்கா பூட்டைத் திறக்க முடியாமல், எண்ணெய் விட்டு, கல்லால் தட்டித்தான் திறந்தார். உள்ளே முன்னறை வரை வந்த பெரியவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். மனைவி இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பூட்டிக்கொண்டு போன வீடாம். டிரம்மில் கேழ்வரகு பூச்சியரித்துப் பொடியாகக் கிடந்தது. ஆணியில் ஒரு பழைய புடவை, கைத்துணியாகக் கிழித்தது, அப்படியே தொங்கியது.

"எடுத்துப் போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்றார்.

"நீங்க வெளிய போய் ஒக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அக்காவும் நானும் மாலை வரை சமையலறையைக் காலி செய்தோம். அந்தக் கைத்துணியை மட்டும் மடித்து அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவிடமிருந்த சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார். கூட யார் இருப்பார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

ஓடு மாற்றி, சுவர் பூசி, நான் குடியேற இரண்டு மாதம் ஆனது. ஆசைப்பட்டு வந்த வீடுதான். ஆனாலும் ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் பேச்சுக்குரலே கேட்காது. மொரப்பூர் பக்கம் ரயில் போகும் சத்தம் வரும். ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். சில நாள் அலுவலகத்தை விட்டு வந்த பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்திருக்கிறேன்.

பெரியவர் அவ்வப்போது கூப்பிடுவார். வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரிப்பார். அப்புறம் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. இருந்தும் உடனே வைக்க மாட்டோம். அவர் சொல்லித்தான் மூன்றாவது வீட்டுக்காரரும் மனம் மாறினார். அதில் தையல்காரர் ஒருவர் மனைவி, மகளோடு குடிவந்தார். ரம்ஜானுக்கு அந்த அம்மா எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பியபோது, கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று புரியவே எனக்குச் சற்று நேரமானது. தட்டும் சத்தமே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆட்டுக்கார அக்கா விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். திருப்பூரிலிருந்து மகன் வந்து, ஆடுகளை விற்றுவிட்டு, அவரைக் கூட்டிப்போக வேன் வைத்தான். வேனில் படுத்தபடியே என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, என் வூட்டப் பூட்டி வெக்காத. யாரையாச்சும் குடி வெய்யி."

"நீங்க திரும்பி வந்தா, அக்கா?"

"வந்தா உங்கூட இருந்துக்கறேன் போ."

வேன் திரும்பும்வரை நின்றிருந்தேன். அன்று அக்கா வீட்டுப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் வாடகைக்கு வீடு இருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

ஒரு வாரத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்து நின்றார். புருஷனைப் பிரிந்தவராம். கேட்காமலே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மொதல்ல உள்ள வந்து பாருங்க. தண்ணி வசதி நல்லாருக்குது" என்றேன்.